தலைகுனிய வேண்டியது யார்?

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மாஞ்சோலை மலையில் நாலுமுக்குத் தோட்டத்திலும் ஊத்துத் தோட்டத்திலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு மலையிறங்கி வந்த ஓர் ஆச்சிக்கு, பேத்தி கதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’. பேத்தி பாளையங்கோட்டையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடிக்கும் இடம் வந்தபோது ஆச்சி கையைத் தூக்கி நிறுத்தினார். “எங்க அப்பாவ மலைக்குக் கூட்டிட்டுப் போனவனும் இப்பிடித்தான் சக்கரையாப் பேசுனானாம். மேல வாசிட்டீ” என்றார்.

பேத்தி வாசித்தாள். சேரியைச் சாதிப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் இடத்தில் அவள் குரல் இறங்கியது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். பத்து நிமிஷத்தில் மூன்று தடவை இப்படி நடந்தது. ஆச்சி கண்டுபிடித்துவிட்டார்.

“என்னத்தட்டீ முழுங்குத? எழுதியிருக்கத வாசி.”

“வேண்டாம் ஆச்சி. கிளாஸ்ல வாசிக்கும்போதும் இத விட்டுட்டுத்தான் வாசிச்சேன். இந்த வார்த்தை வந்தாலே எல்லாரும் என்னையத்தான் திரும்பிப் பாக்காங்க.”

அதற்குப் பிறகு திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ‘ஒரே கதை, பல வாசகர்கள்’ என்ற தலைப்பில் எழுதத்தான் நான் நெல்லைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் விழுங்கிய மூன்று சொற்களுக்குப் பிறகு கட்டுரை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

1935இல் ‘மணிக்கொடி’யில் வந்த கதை இது. தலைப்பு பாரதியின் பாட்டிலிருந்து எடுத்தது. பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தன் அந்த அழுகையைத் திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டிக்குக் கொண்டுவந்து, மருதி என்ற பெண்ணின் மேல் இறக்கிவைத்தார். தமிழில் கூலித் தோட்டத்தைப் பற்றிப் பிறகு எத்தனையோ எழுதப்பட்டன. ஆனால் அந்தத் தோட்டத்துக்கான வழி ஊர்ச் சேரியிலிருந்தே தொடங்குகிறது என்று இந்தக் கதை அளவுக்கு அழுத்தமாகச் சொன்னது குறைவு என்பது என் எண்ணம். பண்ணையாரின் தயவில் கிடக்கும் குடிசைதான் ஆளை முதலில் தள்ளுகிறது. கப்பல் அப்புறம்தான் ஏற்றுகிறது.

ஏற்றிய முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கங்காணி ஊரில் கொடுக்கும் முன்பணம் மலையேறியதும் கடனாகிவிடும். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு ஆளோடு சேர்ந்தே தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். அதைத் தீர்க்காமல் யாரும் நகர முடியாது. தன் கும்பலில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று கணக்குப் பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. பெண்ணின் உடம்போ துரைக்கும் கங்காணிக்கும் நடுவில் பாதுகாப்பில்லாமல் கிடந்தது. மருதிக்கு நேர்வதும் இதுதான்.

இந்தக் கதையை நெல்லையில் வாசிக்கிறவர்கள் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. நெல்லை டவுனில் நான் பார்த்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், கதையின் நடையைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். எள்ளல், வாக்கியத்தின் வெட்டு, காட்சி மாறும் வேகம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். “இதுல சாதியப் பாக்கக் கூடாது சார், மனுஷ துக்கத்தைப் பாக்கணும்” என்றார். மனசார அவர் சொன்னதுதான். ஆனால் மருதியின் துக்கத்தில் சாதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பஞ்சமா, விதியா? அவளைச் சேரியில் வைத்தது விதி அல்லவே.

கல்லூரி மாணவர் ஒருவர் நேர் எதிராகப் பேசினார். சேரி மக்களைக் குடியும் கூத்தும் அறியாமையுமாகவே காட்டுகிற கதை இது, பரிதாபப்படுகிற கண்ணிலும் ஒரு மேட்டிமை இருக்கிறது என்பது அவர் வாதம். இது புதிய குற்றச்சாட்டு இல்லை. தொண்ணூறுகளில் தலித் விமர்சனம் எழுந்தபோதே புதுமைப்பித்தனின் பிறப்புச் சாதி அவர் எழுத்துக்குள் எங்கெல்லாம் எட்டிப்பார்க்கிறது என்ற கேள்வி வந்துவிட்டது. அதற்குப் பதிலாக அவருடைய நண்பரும் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான தொ.மு.சி. ரகுநாதன் 1999இல் ஒரு நூலே எழுதினார். ‘சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்’ என்று தலைப்பிலேயே கோபம் தெரியும். ராஜ் கௌதமன் வேறு வழியில் போனார். புதுமைப்பித்தனை அவர் பிறந்த சைவ வேளாளப் பின்னணியோடு சேர்த்துவைத்து வரிவரியாக வாசித்தார். அந்த நூலுக்கு ‘புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்’ என்று பெயர். திட்டுவது போலத் தோன்றும் அந்தப் பெயருக்குள் வியப்பும் இருக்கிறது. எழுதியவர், காக்க வந்தவர் இருவரும் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்கள். கேள்வி கேட்டவர் தன் கடைசிக் காலத்தைக் கழித்ததும் இதே கரையில்தான். இது வெளியூர்க்காரர்கள் சண்டை இல்லை, நம் வீட்டுச் சண்டை.

சண்டை நடந்த வரைக்கும் நல்லதே நடந்தது என்பேன். ஆனால் 2014இல் சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் ‘துன்பக் கேணி’யையும் ‘பொன்னகர’த்தையும் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. தலித் மக்களைத் தாழ்வாகக் காட்டுகின்றன என்பது காரணம். அந்தக் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வகுப்பில் உட்கார்ந்து தன் தெருவின் பெயரைக் கேட்கும் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் எடுத்தது தவறு. கதையை எடுத்துவிட்டதால் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிற கண்கள் எங்கே போய்விட்டன? அவை அதே பெஞ்சுகளில்தான் இருக்கின்றன.

அமெரிக்காவிலும் இதுதான் நடக்கிறது. கறுப்பின மக்களுக்கு நடந்த அநியாயத்தைச் சொன்ன ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960இல் வந்தது. மனசாட்சியின் நாவல் என்று பல தலைமுறை வெள்ளையர்கள் அதைக் கொண்டாடினார்கள். கறுப்பின வாசகர்களில் பலர் வேறொன்றைக் கவனித்தார்கள். நாவலில் வீரன் வெள்ளை வக்கீல். பழி சுமத்தப்பட்ட டாம் ராபின்சன் வாய் திறப்பதே கொஞ்சம்தான். 2017இல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி ஊர்ப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து அதை எடுத்தார்கள். அதில் உள்ள சொற்கள் சங்கடப்படுத்துகின்றன என்றார்கள். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ கதை இன்னும் பழையது. 1852இல் அடிமைமுறைக்கு எதிராக நாட்டையே உலுக்கிய நாவல் அது. ஆனால் ‘அங்கிள் டாம்’ என்ற பெயர் பிற்காலத்தில் கறுப்பர்கள் தங்களுக்குள்ளேயே திட்டிக்கொள்ளும் வசவாகிவிட்டது. ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் அந்த நாவலைக் கடுமையாகச் சாடி எழுதினார். யார் பக்கம் நின்று எழுதினார்களோ அவர்களிடமிருந்தே இந்தக் கதைகளுக்கு மறுப்பு வந்தது. மறுத்தவர்கள் புத்தகத்தை வரிவரியாக வாசித்துவிட்டு மறுத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

நெல்லையில் எனக்கு இருக்கும் பயம் இந்த இடத்தில்தான். நான் பார்த்த மாணவர்களில் பெரும்பாலோர் கதையை முழுசாக வாசிக்கவில்லை. தேர்வுக்கு ஒரு பக்கக் கதைச்சுருக்கம், ஐந்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். சுருக்கத்தில் மருதி இல்லை. ‘தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்தி’ இருக்கிறாள். பெயர் போய் அடையாளம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த அடையாளத்தை வைத்துப் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மணிக்கட்டில் வண்ணக் கயிறு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்ன நிறம் இன்ன சாதி என்று இந்த வட்டாரத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த மாணவர்களே தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவானாலும் சாதியைக் காட்டும் அடையாளத்தைப் பள்ளிக்குள் விடக் கூடாது என்றது.

கயிற்றை அறுக்கலாம், அறுக்கத்தான் வேண்டும். ஆனால் கயிறு கட்டிய கைக்கு மருதியின் கதையைக் கொடுக்க வேண்டியதும் நம் பொறுப்புதானே? தலைகுனிய வேண்டியவன் யார் என்று அந்தக் கதை சொல்கிறது. பண்ணை, கங்காணி, துரை என்று வரிசையாக நிறுத்திக் காட்டுகிறது. வகுப்பில் தலைகுனிவதோ மருதியின் பேத்தி. இந்தத் தலைகீழ் நிலையைச் சரிசெய்யாத தமிழ் வகுப்பு எனக்குத் தமிழ் வகுப்பாகவே தெரியவில்லை.

தேயிலையும் தாமிரபரணியும் அவ்வளவு தூரத்தில் இல்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. தடியடி நடந்தது. சிதறி ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் தாமிரபரணியில் பூத்தூவுகிறார்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போகும் மாணவர்கள் பாலத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போகிறார்கள். பாடப் பகுதியாக வரும் 1935இன் கதைக்கும் ஜன்னலுக்கு வெளியே மிதக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஆச்சியிடம் கடைசியாக, கதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலைத் தடவிக்கொண்டே யோசித்தார். அட்டை கடித்த தழும்புகள் கணுக்காலைச் சுற்றி இன்னும் கறுப்பாகக் கிடக்கின்றன. “அவரு மலைக்குப் போனவரா?” என்று கேட்டார். தெரியாது, கேட்டறிந்து எழுதியிருக்கலாம் என்றேன். “அப்பிடித்தான் இருக்கும். வலி தெரியுது. கொழுந்து எடுக்கது தெரியல. கூடையில எடை போடும்போது ஈரத்துக்குன்னு கழிப்பாம் பாருங்க, அந்த வயித்தெரிச்சலு இதுல இல்ல” என்றார். எந்த விமர்சகரும் இதைச் சொல்லி நான் படித்ததில்லை. கதையை ஏற்கவும் தெரிந்தது, குறை சொல்லவும் தெரிந்தது. காரணம், முழுசாகக் கேட்டார்.

புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமையாகிவிட்டன. யாரும் அச்சிடலாம், நகலெடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசித் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பாடவேளை ஒதுக்கி இந்தக் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வகுப்பில் வாசியுங்கள். ராஜ் கௌதமன் கேட்ட கேள்விகளையும் கூடவே எடுத்துவையுங்கள். சாதிப் பெயர் வரும் பக்கங்களை மட்டும் எந்த மாணவர் கையிலும் கொடுக்காதீர்கள். அவற்றை நீங்களே, ஒரு சொல்லையும் விழுங்காமல், வாசியுங்கள்.