காப்பர்-டி கருவியும் கருப்பை அழற்சியும்

கருத்தடைக்காகக் கருப்பையினுள் வைக்கப்படும் காப்பர்-டி கருவி உள்ளுறுப்புகளைப் புண்ணாக்கிவிடும் என்னும் அச்சம் நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. அதில் உண்மை எவ்வளவு என்று அறிவது தாய்மார்களுக்கு மட்டுமன்றி ஆடவர்க்கும் கடமையாகும்.

அச்சத்திற்கு முன்னாளில் காரணம் இருந்தது. அமெரிக்காவில் 1971-இல் 'டால்கன் ஷீல்டு' என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் நூல், நூற்றுக்கணக்கான நுண்ணிய நைலான் இழைகளை ஓர் உறைக்குள் திரட்டியதாகும். நூற்கழியின் ஒரு முனை சாயத்தில் தோய்ந்தால், சாயம் இழைகளினூடே மேலேறுவதை நெசவாளர் அறிவர். அவ்வாறே கிருமிகள் கருப்பைக்குள் ஏறுவதற்கு அந்நூல் வழியாயிற்று. பெண்கள் பலர் கடும் அழற்சிக்கு உள்ளாயினர், சிலர் மாண்டனர். 1974-இல் அங்கு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இன்றைய காப்பர்-டியின் நூலோ ஒற்றை இழையினால் ஆனது.

அப்படியாயின் இன்று அழற்சி எவ்வாறு உண்டாகிறது? வெட்டை, கிளமீடியா முதலிய பால்வினை நோய்க் கிருமிகள் கருப்பை வாயில் முன்னரே இருப்பின், கருவியைச் செலுத்தும்போது அவையும் உள்ளே செல்லக்கூடும். ஆகையால் முதல் மூன்று வாரங்களே மிகுந்த கவனத்திற்குரியவை. அதன் பின்னர் அபாயம் மிகக் குறைவு.

இதனின்று நாம் கைக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, கருவி வைக்குமுன் மருத்துவப் பரிசோதனை அவசியம். நோய்த்தொற்று இருப்பின், அதனைக் குணப்படுத்திய பின்னரே கருவி வைக்க வேண்டும்.

இரண்டாவது, அடிவயிற்று வலி, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தறி வேலையையோ அறுவடையையோ காரணங்காட்டி நாள் கடத்தலாகாது. கவனியாது விட்டால் கருக்குழாய்கள் தழும்பேறி அடைபடும், மகப்பேறு இல்லாமற்போகலாம், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தும் நேரலாம். உரிய காலத்தில் கிருமிக்கொல்லி மருந்து உண்டால், பெரும்பாலும் கருவியை அகற்றாமலே குணமாகும். இரண்டு மூன்று நாட்களில் குணம் காணாவிடில் அகற்றுவது குறித்து மருத்துவர் முடிவு செய்வார்.

மூன்றாவது, கணவனின் பொறுப்பு. காப்பர்-டி கருவைத் தடுக்குமேயன்றிப் பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறையே துணை. மனைவிக்கு அத்தகைய நோய் கண்டால் கணவனும் உடன் சிகிச்சை பெற வேண்டும். அவளுக்கு மட்டும் மருந்தளித்தால் நோய் மீண்டும் வரும்.

காப்பர்-டி 380ஏ பத்தாண்டுகள் வரை பயன் தரவல்லது. அரசு மருத்துவமனைகளில் அதனை இலவசமாக வைக்கின்றனர். அஞ்சி ஒதுக்குவதும் வேண்டா; அறிகுறி கண்டும் அசட்டையாயிருப்பதும் வேண்டா.