ஒரே கேள்வி, தலைகீழ் விடை

"உங்களுக்கு முக்கியமாகப் படும் ஒரு பிரச்சினையை அரசாங்கம் கவனிக்கும்படி செய்வதில் உங்கள் பேச்சு எவ்வளவு எடுபடும்?" உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்றுக்காக சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்கப்பட்ட கேள்வி இது. 'முழுக்க எடுபடும்' என்பது முதல் 'துளியும் எடுபடாது' என்பது வரை ஐந்து விடைகள். மெக்சிகோவில் பாதிக்கும் மேற்பட்டோர் துளியும் எடுபடாது என்றார்கள். சீனாவில் அப்படிச் சொன்னவர்கள் 30 சதவீதம்கூட இல்லை.

இந்த எண்களை அப்படியே வைத்துப் பட்டியல் போட்டால், அரசியலில் மெக்சிகோ மக்களைவிட சீன மக்களுக்கே செல்வாக்கு அதிகம் என்றாகும். ஆனால் மெக்சிகோ மக்கள், 71 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த கட்சியை 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்கடித்தவர்கள். சீனாவிலோ 1949 முதல் ஒரே கட்சியின் ஆட்சி. பதில் சொன்ன எல்லோரும் மனதில் பட்டதைத்தான் சொன்னார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தச் சிக்கல் தீராது. ஏனென்றால் 'ஓரளவு', 'நிறைய' என்பவற்றை ஒவ்வொருவரும் தம் எதிர்பார்ப்பை வைத்தே அளக்கிறார்கள். ஆட்சியை மாற்றிப் பார்த்தவர்களின் எதிர்பார்ப்பு பெரிது. அந்த வாய்ப்பே இல்லாதவர்களுக்குச் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியலாம்.

இதற்கு ஒரு வழியை கேரி கிங், கிறிஸ்டோபர் மரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004-இல் முன்வைத்தார்கள். தன்னைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், கற்பனை மனிதர்கள் சிலரின் நிலையையும் சொல்லி, அவர்களுக்கும் அதே ஐந்து விடைகளில் ஒன்றைத் தரச் சொன்னார்கள். ஆலிசன் வீட்டில் நல்ல குடிநீர் இல்லை. அதைச் சரிசெய்வதாக வாக்களித்த எதிர்க்கட்சி வேட்பாளருக்காக அவரும் அக்கம்பக்கத்தாரும் வேலை செய்கிறார்கள். அந்த வேட்பாளர் ஜெயிப்பார் போலிருக்கிறது. மோசஸ் வீட்டிலும் நல்ல குடிநீர் இல்லை. ஆனால் அவருக்கு வாக்குரிமை இல்லை, அரசில் கேட்பாரும் இல்லை. என்றாவது விடியும் என்று வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறார். (பெயர்கள் ஊருக்கு ஏற்ப மாற்றப்பட்டன.) எல்லோரும் எடைபோடுவது அதே மனிதர்களைத்தான் என்பதால், ஒருவர் தன்னை ஆலிசனுக்குப் பக்கத்தில் வைக்கிறாரா, மோசஸுக்கும் கீழே வைக்கிறாரா என்பதை நாடு கடந்து ஒப்பிட முடிகிறது.

அப்படி ஒப்பிட்டபோது வரிசை தலைகீழானது. சீனாவில் சுமார் 40 சதவீதம் பேர் தங்களை மோசஸுக்கும் கீழே வைத்திருந்தார்கள். இம்முறையிலும் ஓட்டை உண்டு. மோசஸின் கதையை இரண்டு நாட்டவரும் ஒரே மாதிரி புரிந்துகொள்கிறார்கள் என்பது ஓர் அனுமானமே. பின்னர் வந்த சோதனைகள் பலவற்றில் அது பொய்த்திருக்கிறது. ஆனாலும், உலக நாடுகளை வரிசைப்படுத்தும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மோசஸ்தான் நினைவுக்கு வருகிறார்.

எப்படிக் கேட்பது என்பதற்கும் முன்னால், யாரைக் கேட்பது என்ற கேள்வி இருக்கிறது. காப்ரியேல் ஆல்மண்டும் சிட்னி வெர்பாவும் ஐந்து நாடுகளின் குடிமைப் பண்பாட்டை ஆராய்ந்து 1963-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் முன்னோடி. அதில் மெக்சிகோவுக்கான நேர்காணல்கள் 10,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் மட்டுமே எடுக்கப்பட்டன. கிராமங்களும் சிற்றூர்களும் நிறைந்த ஒரு நாட்டின் குரலாக அங்கே பதிவானது நகரத்தின் குரல்.

இன்று இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானது, 2002 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஐரோப்பிய சமூக ஆய்வு. குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்துவிட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் இல்லையென்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுப் போக முடியாது. குறைந்தது நான்கு முறை அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அதில் ஒன்று மாலையிலும் ஒன்று வார இறுதியிலும் அமைய வேண்டும். இத்தனை பிடிவாதம் தேவைதான். பகலில் கதவைத் தட்டினால் கிடைப்பவர்களை மட்டும் கேட்டால், வேலைக்குப் போகிறவர்களின் கருத்து கணக்கில் வராமலே போகும். இவ்வளவு செய்தும் ஜெர்மனியில் சில சுற்றுகளில் பதில் தந்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதமே.

கிடைத்த பதிலிலும் பயம் கலந்திருக்கலாம். ஆப்பிரிக்க நாடுகளில் 1999 முதல் ஆய்வு நடத்திவரும் ஆஃப்ரோபாரோமீட்டர் நேர்காணலின் முடிவில், "எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறது. வந்தவர் அரசாங்கத்து ஆள் என்று நம்பியவர் ஜனாதிபதியைப் பற்றிச் சொன்னதைத் தனியே பிரித்துப் பார்க்க அது உதவுகிறது. நான் பார்த்தவரை, கருத்துக்கணிப்பில் இதைவிட நேர்மையான கேள்வி இல்லை.

ரஷ்யாவில் 2015-இல் வேறொரு உத்தியைக் கையாண்டார்கள். ஒரு குழுவிடம் மூன்று தலைவர்களின் பெயர்களைக் காட்டி, எத்தனை பேரை ஆதரிக்கிறீர்கள் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்டார்கள். இன்னொரு குழுவுக்கு அந்த மூவரோடு புதினின் பெயரும் இருந்தது. இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசமே புதினின் ஆதரவு. தனி மனிதர் யாரும் எதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை. நேரடியாகக் கேட்டபோது 86 சதவீதத்தைத் தாண்டிய ஆதரவு, இம்முறையில் 80 சதவீதத்தை ஒட்டி வந்தது. பயம் ஓரளவு இருந்தது, ஆனால் ஆதரவும் பெருமளவு நிஜமாகவே இருந்தது என்றுதான் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக வந்ததை மறைக்காமல் எழுதினார்கள் என்பதாலேயே அந்த ஆய்வை நான் நம்புகிறேன்.

நாடுகளின் தரவரிசையைவிட, ஒரே நாட்டில் அதே கேள்விக்கு வந்த விடை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதை நம்பிப் படிக்கலாம். அங்கே எதிர்பார்ப்பின் அளவுகோல் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ஆனால் கேட்கும் முறை மாறினால் அதுவும் குழம்பும். ஐரோப்பிய ஆய்வு இப்போது வீட்டுக்கு ஆள் அனுப்புவதை விட்டு, மக்களே இணையத்திலோ தாளிலோ பதிலை நிரப்பும் முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது குடியேறிகளைப் பற்றி நாகரிகமாகப் பேசுகிறவர், திரையின் முன் தனியாக இருக்கும்போது வேறு மாதிரி பதில் தரலாம். அதனால் மாறும் கட்டத்தில் இரண்டு முறைகளையும் ஒரே சுற்றில் பக்கம்பக்கமாக நடத்துகிறார்கள். இனி வரும் எண்களில் தெரியும் மாற்றத்தில், மக்கள் மனம் மாறியதால் வந்தது எவ்வளவு, முறை மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க அந்த ஒப்பீடுதான் கையிருப்பு.