ராக்கெட் ஒன்று, கனவுகள் இரண்டு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் புயல் கடலில் உருவானபோதே, 36,000 கி.மீ. உயரத்திலிருந்து நம் இன்சாட் செயற்கைக் கோள்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. வானில் இப்படியொரு கண் நமக்கு எவ்வாறு வந்தது?

1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து அமெரிக்க ராக்கெட் ஒன்று கிளம்பியது. நமது விண்வெளி முயற்சி அன்று தொடங்கியது. அப்போது அமெரிக்காவும் சோவியத் நாடும் சந்திரனை எட்டுவதில் போட்டியிட்டன. அந்தப் போட்டி நமக்கு வேண்டாம் என்றார் விக்ரம் சாராபாய். வானிலை அறிவிப்பும் தொலைக்காட்சிக் கல்வியும் கிராமங்களை எட்டும் எதிர்காலத்தையே அவர் மனக்கண்ணில் கண்டார். 1971-இல் அவர் மறைந்தார், கனவு மறையவில்லை. 1975-76-இல் அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் வழியே 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் தொலைக்காட்சி பார்த்தன. 1982-இல் இன்சாட் வரிசை தொடங்கிற்று.

ஆனால் அதே ராக்கெட் இன்னொரு கனவுக்கும் பயன்படும். எப்படி? வினாடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தில் கிடையாகச் செலுத்தப்படும் பொருள் பூமியைச் சுற்றிவரும். அது செயற்கைக் கோள். வேகம் குறைந்தால் வில்போல் வளைந்து தொலைவில் தரையில் விழும். அதுவே ஏவுகணையின் பாதை. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியை வானில் சுற்றவிட்டது. 1989 மே 22 அன்று சோதிக்கப்பட்ட அக்னி ஏவுகணையின் முதற்கட்டம், அந்த எஸ்.எல்.வி-3-இன் முதற்கட்டமே! எஸ்.எல்.வி-3 திட்டத்தை நடத்திய அப்துல் கலாம்தான் ஏவுகணைத் திட்டத்துக்கும் தலைமை தாங்கினார். இங்கே மனக்கண்ணில் நின்றது வேறோர் எதிர்காலம்: பகைவர் தாக்கக்கூடும் என்ற அச்சம்.

ஒரு நாட்டின் அச்சம் அடுத்த நாட்டையும் தொற்றிக்கொள்ளும். 2007-இல் சீனா தன் பழைய செயற்கைக் கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்தது. 2019 மார்ச் 27 அன்று இந்தியாவும் சுமார் 300 கி.மீ. உயரத்தில் தன் கோள் ஒன்றைத் தகர்த்துக் காட்டியது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, அணுகுண்டுகளைப் பூமியைச் சுற்றவிடுவதைத் தடுக்கிறது. தரையிலிருந்து ஏவப்படும் இத்தகைய கணைகளைத் தடுக்கவில்லை. தாழ்வான உயரத்தில் நடந்ததால் இந்தியச் சோதனையின் சிதறல்கள் காற்றில் உரசி எரிந்தன. மிக உயரத்தில் நிகழ்ந்த சீனச் சோதனையின் சிதறல்களில் பல இன்னும் சுற்றுகின்றன. அவை எந்த நாட்டுக் கோளையும் மோதலாம்.

கனவுகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய சந்திரனில், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அவர் படித்த ஊரில் இன்று படிக்கும் மாணவர்களும் நாளை ராக்கெட் செய்யக்கூடும். புயலைக் காணும் கண்ணை அது ஏந்திச் செல்லுமா, பிறர் கண்ணைக் குத்தும் கணையாகுமா? நீங்கள் எந்த எதிர்காலத்தைக் கற்பனை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.