மரியாளின் மேல் ஏறிய பாவம்

புதுச்சேரி மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோவில் எங்கே என்று கேட்பதைவிடச் சம்பா கோவில் எங்கே என்று கேட்டால் சட்டென்று கை காட்டுவார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் ‘சேன் போல்’ ஆன புனித பவுல், நம் வாயில் சம்பா ஆகிவிட்டார் என்பார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு. பாரதி குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. 1908இல் வந்து பத்தாண்டு இந்த ஊரில் இருந்த அந்தச் சக்தி உபாசகர், ஏசு உயிர்த்தெழுந்ததைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அதில் பேதுரு இல்லை, யோவான் இல்லை. உயிர்த்தவரைக் கண்டவள் மகதலேனா மரியாள் ஒருத்திதான். அவளை அன்பு என்று பொருள்கொள்கிறார் பாரதி.

நானும் கிறிஸ்தவன் அல்லன். சுவிசேஷங்களை என்னைப் படிக்க வைத்தது அந்தப் பாட்டு. மரியாள் விலைமகளாய் இருந்து திருந்தியவள் என்றே கேள்விப்பட்டிருந்தேன். நான்கு சுவிசேஷங்களையும் துழாவிவிட்டேன். அப்படி ஒரு வரி இல்லை! லூக்கா 7ஆம் அதிகாரத்தில் ஏசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கும் பாவியான பெண்ணுக்குப் பெயரே கிடையாது. 8ஆம் அதிகாரம் தொடங்கியதும், ஏழு பேய்கள் நீங்கிய மரியாள் வருகிறாள். அடுத்தடுத்து நின்ற இந்த இரண்டு பெண்களையும் 591இல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் ஒருத்தியாக்கினார். அந்தப் பழி ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவள்மேல் கிடந்தது. 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் இருவரும் பிரிந்தார்கள்.

மாற்கு இன்னும் வியப்பு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் இரண்டிலும் அந்தச் சுவிசேஷம் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறை காலி, பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஏசு மரியாளுக்குத்தான் முதலில் காட்சி தந்தார் என்ற செய்தி அடுத்த வசனத்தில் இருக்கிறது. அது பின்னால் சேர்ந்த பகுதி என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு.

யோவானில் அவள் கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறாள். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். திரும்பி அவள் சொல்வது ஒரே சொல்: ரபூனி. கிரேக்கத்தில் எழுதிய யோவான் அதை அவள் பேச்சிலேயே விட்டு, பக்கத்தில் ‘போதகரே’ என்று பொருள் எழுதியிருக்கிறார். தமிழ் பைபிளிலும் அது மருவாமல் ரபூனியாகவே நிற்கிறது.