சிறகொலிக்கு அஞ்சிய மகள்

பூம்புகாரில் வாழும் நமக்குப் பறவைகள் புதியவை அல்ல. காவிரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் விடியற்காலையில் ஆலாக்கள் மீனைக் கண்டு தலைகீழாகப் பாய்வதை நாளும் பார்க்கிறோம். குறுவைக்கு உழவு தொடங்கிவிட்டால், டிராக்டரின் பின்னே வெள்ளைக் கொக்குகள் பவனி வருவதுபோல் வரிசையாக நடந்து வருகின்றன. அறுவடையான வயல்களில் வாத்துக் கூட்டங்களை மேய்த்துச் செல்வோர் ஆண்டுதோறும் வந்து போகின்றனர். கோழி இல்லாத கொல்லை இங்கே அரிது. இத்தனை பறவைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருத்தி பறவை என்றாலே நடுங்குகிறாள் என்று அவள் தாய் நம்மிடம் வந்து சொன்னபோது, உள்ளதைச் சொல்வதானால், நாம் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பை எண்ணி இன்றளவும் வருந்துகிறோம். இக்கட்டுரைக்குத் தூண்டுகோலும் அந்த வருத்தமே.

அப்பிள்ளையின் ஒப்புதல் பெற்றே எழுதுகிறோம். தன் பெயரும் தான் பயிலும் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம் என்றாள், அவ்வாறே விடுகிறோம். தந்தை நாட்டுப்படகில் கடலுக்குச் செல்பவர். தாய் கருவாடு காயவைத்து விற்பவர். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை இவள்தான். தமிழ் இலக்கியத்தில் முதுகலை பயிலத் தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, விடுதிக் கட்டணத்திற்காக மகளின் காதுத் தோடு அடகுக் கடைக்குச் சென்றது.

பழைய பல்கலைக்கழக வளாகங்களைக் கண்டவர்கள் அறிவார்கள்: அவை பாதி கல்விச்சாலை, பாதி சோலை. தூங்குமூஞ்சி மரங்களும் ஆலமரங்களும் புங்கமரங்களும் நிறைந்தவை. மாலை ஐந்து மணியானால் மைனாக்களும் கிளிகளும் காகங்களும் அடைய வந்து இரைச்சலிடும். பல வளாகங்களில் மயில்கள் நடைபாதையிலேயே உலாவும். உணவுக்கூடத்தின் சன்னல் வழியே காகம் வந்து தட்டிலிருந்து வடையைத் தூக்கிச் செல்வதை மாணவர்கள் ஒரு வேடிக்கையாகக் கருதுவர். இவளுக்கோ அது வேடிக்கையாக இல்லை. முதல் மாதத்திலேயே மாலை வேளையில் நூலகம் செல்வதை நிறுத்தினாள். பிறகு உணவுக்கூடத்திற்குச் செல்வதையும் நிறுத்தி, அறையில் ரொட்டியைத் தின்று நாட்களைக் கழித்தாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடையை விரித்துக்கொண்டே வகுப்புக்கு நடந்தாள். நவம்பர் மாதத் தேர்வின்போது, தேர்வுக்கூடத்தின் காற்றுத் துளையில் கூடு கட்டியிருந்த புறாக்களில் ஒன்று உள்ளே பறந்து வந்து சுற்றியது. எழுதிய தாளை மேசைமீதே விட்டுவிட்டு வெளியே ஓடியவள், அன்றிரவே பேருந்து ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று தந்தை முடிவு செய்துவிட்டார். அந்நிலையில்தான் தாய் நம்மிடம் வந்தார்.

சிரித்ததோடு நாம் நிற்கவில்லை. மகளை அழைத்துவரச் செய்து, வானத்துப் பறவைகளைக் கவனிக்கும்படி ஆண்டவர் கூறியதை நினைவூட்டி, விசுவாசம் இருக்குமிடத்தில் அச்சத்திற்கு இடமில்லை என்று ஒரு சிறு மறையுரையே ஆற்றினோம். பிள்ளை தலைகுனிந்து கேட்டிருந்தாள். இறுதியில் ஒன்று சொன்னாள்: “சாமி, போன திருவிழாக் கொடியேற்றத்தில் நீங்கள் புறா பறக்கவிட்டீர்களே, அப்போது கோவிலுக்குள் ஓடித் தூணைக் கட்டிக்கொண்டு நின்றது நான்தான்.”

நமக்கு நினைவு வந்தது. வெயில் தாங்காமல் ஒரு பிள்ளை தவிக்கிறாள் என்று எண்ணி, சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னோம்.

அதன்பிறகுதான் பேசுவதை நிறுத்திக் கேட்கத் தொடங்கினோம். “கொத்திவிடும் என்ற பயமில்லை சாமி. எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. அந்தச் சிறகடிக்கிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது, கை விறைத்துப்போகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?” என்றாள். எப்போது தொடங்கிற்று என்று கேட்டோம். ஐந்து வயதில் கொல்லையில் கோழிக்குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தாளாம். தாய்க்கோழி சிறகை விரித்து முகத்தின்மேல் பாய்ந்ததாம். குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கும் கோழியைப் பற்றி நாம் எத்தனை முறை உருக்கமாகப் பேசியிருக்கிறோம்! அச்சிறகின் மறுபக்கத்தை இவள் கண்டிருந்தாள்.

இத்தகைய அச்சம் மருத்துவ நூல்களில் இடம்பெற்ற ஒன்று. குறிப்பிட்ட ஒரு பொருளின்மீதோ உயிரின்மீதோ அறிவுக்கு அடங்காமல் எழும் அச்சத்தை மருத்துவர்கள் தனி வகையாகவே கணிக்கின்றனர். உயிரினங்களைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் சிறுவயதிலேயே வேர்கொள்கிறது. அது வளர்வதற்கு உரமிடுவது எது தெரியுமா? விலகி ஓடுதல். ஓடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஆறுதல் அடைகிறது; “ஓடியதால் பிழைத்தேன்” என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் தொலைவிலிருந்தே ஓடத் தோன்றுகிறது. நூலகம் போயிற்று, உணவுக்கூடம் போயிற்று, கடைசியில் தேர்வே போயிற்று அல்லவா?

இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1924-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்னும் சிறுவன் வருகிறான். வயது மூன்றுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். இறகைக் கண்டாலும் அஞ்சுவான். அவன் விரும்பிய தின்பண்டத்தைக் கொடுத்து உண்ணச் செய்து, கூண்டிலுள்ள முயலை அறையின் மறுகோடியில் வைத்தார்கள். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். இறுதியில் முயல் அவன் விரல்களைக் கடித்து விளையாடும் அளவுக்கு அச்சம் அகன்றது. பின்னர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் இம்முறையை ஒழுங்குபடுத்தி 1958-இல் நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் மனநல மருத்துவர்கள் கையாளும் முறைக்கு வேர் இதுவே. மாத்திரை அதில் முதன்மையானதன்று, பொறுமையே முதன்மை.

நம் வீடுகளிலோ வேறு வகை மருத்துவம் நடக்கிறது. காகம் தலையில் தட்டினால் பீடை என்பர். கூகை அலறினால் சாவு என்பர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவோரும் இதில் விலக்கல்லர். இப்பிள்ளைக்கும் யாரோ கயிறு கட்டி அனுப்பியிருந்தார்கள். அதே கூகை வயல் எலியைப் பிடித்து நெல்லைக் காக்கிறது என்பதால், அது வந்து அமர்வதற்கென்றே வயலில் குறுக்குக் கழி கட்டிய கொம்புகளை நடும்படி வேளாண்மைத் துறையினர் உழவர்களுக்குச் சொல்லிவருகின்றனர். பகலில் வயலில் அழைப்பு, இரவில் கூரைமேல் சாபம்! வெள்ளித்திரையும் தன் பங்கைச் செய்தது. 1963-இல் ஹிட்ச்காக் எடுத்த ‘பறவைகள்’ என்னும் படத்தைக் கண்டபின் காகக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டவர்கள் உண்டு. அவர் இயேசு சபையார் பள்ளியில் பயின்றவர் என்பது நமக்குச் சற்றே சங்கடம்.

ஆயினும் பறவை ஒருபோதும் தாக்காது என்று பொய்யுரைப்பதும் தவறு. முட்டையும் குஞ்சும் உள்ள காலத்தில் காகம் மனிதரின் தலையை நோக்கிப் பாயத்தான் செய்யும். முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ ஒன்றரை மாதம். அதுவரை அம்மரத்தடியை விட்டு வேறு வழியே செல்வதோ, குடை பிடித்துச் செல்வதோ போதும். (குயில் திருட்டுத்தனமாகத் தன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதைக் காகம் படும் பாட்டோடு சேர்த்து எண்ணினால், அதன் கடுகடுப்பை மன்னிக்கலாம்.) கல்லெறிவது மட்டும் கூடாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்னும் பேராசிரியர் 2006-இல் ஒரு சோதனை நடத்தினார். குகை மனிதன் முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து வளையமிட்டு விடுவித்தனர். பின்னர் அம்முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்து துரத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. ஆண்டுகள் பல கடந்தும் அவை மறக்கவில்லை. வேறு முகமூடி அணிந்தவர்களை அவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. இதைப் பிள்ளையிடம் சொன்னபோது அஞ்சுவாள் என்று எண்ணினோம். மாறாக, “அப்படியானால் காரணம் இல்லாமல் வராது, அப்படித்தானே சாமி?” என்றாள். எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத உயிருக்கு ஒரு நியாயம் இருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அவளை அனுப்பினோம். தந்தையை இணங்கவைப்பதற்குத்தான் மூன்று மாலைகள் பிடித்தன. “பைத்தியம் என்று ஊர் சொல்லுமே சாமி” என்பதே அவர் கவலை. காலில் முள் தைத்தால் எடுப்பதற்கு வெட்கப்படுவீரா என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. மறுநாள் அவரே மகளுடன் பேருந்தில் ஏறினார்.

மருத்துவர் அவளையே ஒரு பட்டியல் எழுதச் சொன்னாராம். குறைவான அச்சம் கீழே, கடும் அச்சம் மேலே. ஏணிபோல் பத்துப் படிகள். முதற்படி, புறாவின் படத்தைப் பார்ப்பது. அடுத்தது, உதிர்ந்த இறகைக் கையில் வைத்திருப்பது. அதற்கே நான்கு நாட்கள் ஆயின. பின்னர் ஒலியில்லாத காட்சிப் படம், அதன்பின் ஒலியோடு. கூண்டுக் கிளியை அறையின் மறுகோடியிலிருந்து பார்ப்பது. பல்கலைக்கழகம் திரும்பியபின், ஒரு தோழி துணையிருக்க, புறாக்கள் மேயும் திடலிலிருந்து நூறடி தள்ளி அமர்வது. அடுத்த வாரம் எண்பதடி. விதி ஒன்றே: அச்சம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து போகக்கூடாது. இருந்த இடத்திலேயே மெல்ல மூச்சை வெளியே விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட அச்சமும் ஏறிக்கொண்டே போவதில்லை. ஒரு மட்டத்தில் நின்று, பிறகு வெள்ளம் வடிவதுபோல் வடிகிறது. வடிவதைத் தன் கண்ணால் கண்டவளுக்கு மறுமுறை அது அவ்வளவு உயரம் ஏறவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் மயில் தோகையை உதறியதும் எழுந்து ஓடிவிட்டாள்; இரண்டு படி கீழிறங்கி மீண்டும் தொடங்க நேர்ந்தது. அந்தத் தோழி ஒரு நாளும் கேலி செய்யவில்லை. இதில் நம்மைவிட அவள் சிறந்தவள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். “பயத்தைத் தெளியவைக்கிறேன்” என்று கோழியைப் பிடித்து அழும் பிள்ளையின் மடியில் போடும் மாமன்மாரை நாம் கண்டிருக்கிறோம். தயவுசெய்து அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். படிகளைப் பிள்ளையே ஏறவேண்டும், இழுத்து ஏற்றலாகாது. மருத்துவமனை தொலைவு என்போர் 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய கட்டணமில்லா மனநல உதவி இது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஏப்ரல் தேர்வில், விட்டுப்போன தாளையும் சேர்த்து எழுதினாள். அதே கூடம், அதே புறாக்கள். இரண்டு முறை கை நடுங்கியது என்றும், மூன்றாம் முறை வினாத்தாள்தான் தன்னை அச்சுறுத்தியது என்றும் சொன்னாள். முற்றிலும் குணமாகிவிட்டதா என்று கேட்போருக்கு, இல்லை என்பதே விடை. தலைக்கு மேல் சிறகொலி கேட்டால் இன்னும் தோளைக் குறுக்குகிறாள். திருவிழாவில் புறா பறக்கவிடுவதை நாமும் நிறுத்திவிட்டோம்.

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு உட்கார்வது எப்போதும் தம்பியின் வேலை. அன்று இவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதே காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய அந்நூலில், முற்றத்தில் காயும் உணவைக் கொத்தவந்த கோழியின்மேல் ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிவதாக ஒரு காட்சி உண்டு. தேர்வுக்கு அதுவே பாடம் என்றாள். நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே அண்டை வீட்டுக் கோழி ஒன்று கருவாட்டை நோக்கி வந்தது. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவள் எழுந்து நின்று இரு கைகளையும் ஓங்கித் தட்டினாள். கோழி சிறகடித்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

“எறிவதற்குத் தோடு அடகில் இருக்கிறது சாமி,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் புத்தகத்தைப் பிரித்தாள்.