ஆற்றங்கரையில் கட்டை இறக்குமுன்

2017 மே மாத இறுதியில் குக்குலேகங்கைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. அவ்வனர்த்தத்தில் நாடு முழுவதும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கலவானப் பகுதியும் பெரும் பாதிப்புக்குள்ளானது. அன்று முதல், மழை இருட்டினாலே ஆற்றோரக் குடியிருப்புகளில் அச்சம் சூழ்ந்துகொள்கிறது.

கரை சரிந்தால், மரக்கட்டைகளையோ இரும்பையோ வரிசையாக அறைந்து தடுக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அறைந்த கட்டை அடுத்த வெள்ளத்தைத் தாங்குமா? அதன் பருமனைவிட, மண்ணுக்குள் இறங்கியுள்ள ஆழமே அதனைத் தீர்மானிக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

இரத்தினபுரி மாவட்ட மக்களுக்கு இவ்வேலை முற்றிலும் புதியதன்று. மாணிக்கக் குழி வெட்டுவோர், பக்கச்சுவர் இடியாதிருக்க மரச்சட்டங்களைப் பொருத்தி, அவற்றின் பின்னே கெக்கில்ல எனும் பன்னத்தை அடைக்கின்றனர். மண் நிற்கிறது, நீர் மட்டும் கசிந்து வருகிறது. ஆற்றங்கரைத் தடுப்பும் அவ்வாறே அமைய வேண்டும்.

மரமா, உருக்கா?

எப்போதும் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் மரம் எளிதில் உக்குவதில்லை. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும். 1902இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பெரிய மணிக்கோபுரம் இடிந்து வீழ்ந்தது. அதன் அடியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் அறைந்த மரக்கட்டைகளோ அப்போதும் உறுதியாக இருந்தன. ஆனால் ஒருநாள் நனைந்து மறுநாள் காயும் நீர்மட்டத்தில் மரம் விரைவில் பழுதாகும். உருக்கும் அவ்விடத்திலேயே அதிகம் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

ஒன்றோடொன்று கொக்கியாகப் பிணையும் உருக்குத் தகடுகள் நீண்ட காலம் உழைக்கும். எனினும் அவற்றை இறக்கக் கனரக இயந்திரமும், அது வந்து நிற்க வழியும் வேண்டும். ஒடுங்கிய தோட்டப் பாதைகளில் இது எளிதன்று.

இறக்கும் முறை

நேரான மரத்தைத் தெரிந்து பட்டையை உரித்து, மெல்லிய முனையைக் கூராக்க வேண்டும். தலை பிளவாதிருக்க இரும்பு வளையம் பூட்டுவது அவசியம். முக்காலியில் கப்பி கட்டி, பாரத்தைக் கயிற்றால் தூக்கி விடலாம். இலேசான பாரத்தை அதிக உயரத்திலிருந்து போடுவதைவிட, கனமான பாரத்தைக் குறைந்த உயரத்திலிருந்து போடுவதே நல்லது, தலை சிதையாது. ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு இறங்குகிறது எனக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டை வெளியே தெரியும் உயரமளவேனும் மண்ணுள் இருத்தல் வேண்டும். இளகிய மண்ணில் அதைவிடக் கூடுதலாக இறங்க வேண்டும். அடியில் பாறை இருப்பின் கட்டை இறங்காது; அங்கே கல் நிரப்பிய கம்பிவலைக் கூடைகளே பொருத்தமானவை.

குளிக்கவும் குடிக்கவும் நீர் எடுக்கும் துறையில், கட்டைகளுக்குப் பழைய இயந்திர எண்ணெய் பூசுவதைத் தவிர்ப்போம்.

அடியை அரிக்கும் ஆறு

வெள்ளம் கட்டையின் அடிமண்ணை அரித்துச் செல்கிறது. அருகே மணல் அள்ளினால் ஆற்றின் அடி மேலும் தாழ்ந்து, ஆழமாக இறக்கிய கட்டையும் ஆழமற்றதாகிவிடும். மேலும், பல தடுப்புகள் வெள்ளம் ஏறும்போதன்றி, வடியும்போதே சரிகின்றன. முன்னே நீர் திடீரென இறங்க, பின்னே நீரூறிய மண் தள்ளுகிறது. ஆகவே நீர் கசிய வழிவிட்டு, பின்புறத்தைச் சரளைக் கல்லால் நிரப்புங்கள். கரையில் மூங்கிலையும் மருதையும் வளர்த்தால் அவற்றின் வேர்கள் மண்ணைப் பிடிக்கும்.

ஆளுயரத்துக்கு மேற்பட்ட தடுப்பைப் பொறியியலாளரின் ஆலோசனையின்றி அமைத்தல் ஆபத்தானது. வேலை தொடங்குமுன் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

இறுதியாக ஒன்று. கரை அரிப்பு வேறு, மலைச்சரிவு வேறு. லயத்தின் பின்னுள்ள சரிவில் வெடிப்புகள் தோன்றினாலோ, புதிதாகக் கலங்கல் நீர் ஊறினாலோ, அறைந்த கட்டைகளை நம்பி உள்ளே இருக்காதீர்கள். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறி, அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.