முதல் மண்பாதை வண்டி: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

கடக்வாஸ்லா என்றதும் சங்க அன்பர்கள் பலருக்கு அணைக்கட்டுதான் நினைவுக்கு வரும். ஞாயிறு மாலையில் கரையோரம் நின்று தின்ற சுட்ட சோளமும் வெங்காய பஜ்ஜியும் கூடவே வரும். எனக்கு இரண்டு வருடமாக அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் வேறொன்று நினைவுக்கு வருகிறது. நான் யோசிக்காமல் சொன்ன ஒரு யோசனையும், அதனால் முறிந்த ஒரு எலும்பும். அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளவே இந்தக் கட்டுரை.

என் அக்கா குடும்பம் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. அவர்கள் மகன் கல்லூரி மாணவன். 2024 ஜனவரி 28 அன்று பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீகின் முதல் பந்தயம் நடந்தது. அரங்கத்துக்குள் மண்ணைக் கொட்டி மேடுகள் அமைத்து, அவற்றின்மேல் மோட்டார் சைக்கிள்கள் தாவிப் பறந்தன. பார்த்துவிட்டு வந்த பையன் அன்றிரவே எனக்குப் போன் செய்தான்.

“மாமா, நீங்க எஞ்சின்லயே ஊறினவர். மோட்டோகிராஸ் கத்துக்கணும். முதல் வண்டி டூ ஸ்ட்ரோக் வாங்கட்டுமா, ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கட்டுமா?”

“இதுல என்னடா யோசனை? டூ ஸ்ட்ரோக்தான்!” என்றேன். பத்து விநாடிகூட ஆகவில்லை.

அந்தப் பதிலைச் சொன்னது என் அறிவல்ல, என் இளமைக்காலம். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 என் தலைமுறையின் செல்லப்பிள்ளை. 98 சிசி, 11 குதிரைத்திறன். அதே ஆண்டில் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100-ஐ ‘ஆபீஸ் வண்டி’ என்று கேலி செய்த கூட்டத்தில் நானும் ஒருவன். சி.டி.100 ஃபோர் ஸ்ட்ரோக். மைலேஜ் தரும், சத்தம் போடாது. ஆர்.எக்ஸ்.100 டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் குடிக்கும், நீலப்புகை விடும், ஆனால் திருகினால் பாயும். 2000-ஆம் ஆண்டு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு சாலைகளிலிருந்து டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் மெல்ல மறைந்தன. என் மனசிலிருந்து மறையவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஒருமுறை மேலே போவது அல்லது ஒருமுறை கீழே வருவது. தமிழில் ‘வீச்சு’ என்பார்கள். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்க வேண்டும், அழுத்த வேண்டும், எரிக்க வேண்டும், புகையை வெளியே தள்ள வேண்டும். இந்த நான்கு வேலைகளுக்கும் தனித்தனி வீச்சு இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டே வீச்சில் நான்கையும் முடித்தால் டூ ஸ்ட்ரோக்.

ஆகவே, ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறைதான் தீ எரியும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரியும். அதனால்தான் சின்ன டூ ஸ்ட்ரோக் தன்னைவிடப் பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்கோடு மல்லுக்கு நிற்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வுகளும் அதில் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. உதிரிப்பாகம் குறைவு, எடையும் குறைவு.

பந்தய மைதானத்தில் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 125 சிசி டூ ஸ்ட்ரோக்கோடு 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோதலாம். 250-ஓடு 450 மோதலாம். ஒரு காலத்தில் மோட்டோகிராஸ் முழுக்க டூ ஸ்ட்ரோக்கின் ராஜ்யமாக இருந்தது. 1997-ல் டக் ஹென்றி என்ற அமெரிக்கர் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஜெயித்துக் காட்டினார். 2001-ல் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கும் வந்த பிறகு காற்று திசை மாறிவிட்டது. இன்று பெரிய பந்தயங்களில் ஃபோர் ஸ்ட்ரோக்கே ஆள்கிறது. சிறுவர்களுக்கான 50, 65, 85 சிசி வகுப்புகளில் டூ ஸ்ட்ரோக் இன்னும் அசையாமல் இருக்கிறது.

அந்த ‘உதை’ எங்கிருந்து வருகிறது?

டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டியின் சைலன்சர் குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? இரை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் வயிறு பெருத்திருக்கும். அது அழகுக்காக அல்ல. புகை வெளியேறும்போது கொஞ்சம் புதுக் கலவையும் சேர்ந்து நழுவிவிடும். அந்தப் பெருத்த வயிற்றின் பின்பக்கச் சரிவில் மோதித் திரும்பும் அழுத்த அலை, நழுவிய கலவையைச் சரியான தருணத்தில் மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்தத் ‘தருணம்’ எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் அமையும். அதற்குக் கீழே வண்டி சோம்பலாக இருக்கும். அந்த வேகத்தைத் தொட்டதும் சக்தி முழுக்க ஒரே மூச்சில் வந்து சேரும்.

கற்றுக்கொள்பவன் என்ன செய்வான்? ஆக்சிலேட்டரைத் திருகுவான், ஒன்றும் நடக்காது. இன்னும் திருகுவான். திடீரென்று வண்டி பாயும். உடம்பு பின்னால் சாயும். சாயும் உடம்போடு கையும் சேர்ந்து ஆக்சிலேட்டரை மேலும் திருகிவிடும். நிறுத்த வேண்டிய கையே விரட்டும் கையாக மாறிவிடும்.

என் மருமகனுக்கு நடந்தது இதுதான். சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய 125 சிசி டூ ஸ்ட்ரோக் வாங்கி, லாரியில் வரவழைத்தான். மழைக்காலம் முடிந்த அக்டோபரில், தெரிந்தவர் ஒருவரின் சொந்த நிலத்தில் அமைத்திருந்த தடத்தில் ஓட்டினான். மூன்றாவது நாள், இடுப்பளவு உயரம்கூட இல்லாத ஒரு மேடு. வண்டி ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் விழுந்தான். வலது காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கை தூளியில் தொங்கியது. செமஸ்டர் பரீட்சையும் போயிற்று.

அக்கா என்னைத் திட்டவில்லை. “அவன் கேட்டது உன்னைத்தானேடா” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் எங்கே தவறினேன்?

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஆர்.எக்ஸ்.100-க்கு 11 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 100 கிலோ. மோட்டோகிராஸ் 125-க்கு 35 குதிரைத்திறனை ஒட்டி வரும். எடை சுமார் 95 கிலோதான். இரண்டுக்கும் ‘டூ ஸ்ட்ரோக்’ என்ற பெயர் ஒன்று. பூனையும் புலியும் ஒரே குடும்பம் என்பது மாதிரி. நான் பூனை வளர்த்த அனுபவத்தில் புலி வாங்கச் சொல்லிவிட்டேன்.

இதையே மறுபக்கம் திருப்பியும் பாருங்கள். ஏழரைக் குதிரைத்திறன் சி.டி.100-ம் ஃபோர் ஸ்ட்ரோக்தான். அதைப்போல ஐந்து மடங்கு சக்தி தரும் 250 சிசி மோட்டோகிராஸ் வண்டியும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். “ஃபோர் ஸ்ட்ரோக் சாதுவாச்சே” என்று பந்தய 250-ஐ வாங்கும் புதியவருக்கும் என் மருமகன் கதிதான். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை ஸ்ட்ரோக் என்பதல்ல. சக்தி எவ்வளவு, அது கைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதே.

இன்னொன்றும் பின்னால் தெரிந்தது. கடல்மட்டத்தில் இருக்கும் சென்னைக்காக கார்புரேட்டரைச் சரிசெய்த வண்டி அது. நாம் இருப்பது சுமார் 560 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றின் அடர்த்தி 5 சதவீதம் போலக் குறைவு. காற்று குறைந்தால் அதே ஜெட் கொடுக்கும் பெட்ரோல் அதிகமாகிவிடும். ஸ்பார்க் பிளக் கரிபிடிக்கும், குறைந்த வேகத்தில் எஞ்சின் திணறும், திணறல் நீங்கும்போது உதை இன்னும் திடீரென்று வரும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அடுப்புக்கரி போலக் கருப்பாக இருந்தது. வாங்கிய அன்றே பார்த்திருந்தால் ஒரு சின்ன ஜெட்டை மாற்றியிருப்பேன். எரிபொருளைக் கணினி அளந்து பீய்ச்சும் புதிய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை; அவை உயரத்துக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்ளும்.

இறக்கமும் பராமரிப்பும்

ஆக்சிலேட்டரை மூடினால் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும். பழகியவருக்கு இது சுதந்திரம், புதியவருக்குப் பயம். தவிரவும், மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் எஞ்சினுக்குள் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால் பெட்ரோலும் குறையும், எண்ணெயும் குறையும்.

எண்ணெயை நாமே அளந்து கலக்க வேண்டும். 40-க்கு 1 என்று கையேடு சொன்னால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 125 மில்லி. கண்ணளவு கூடாது. மறந்துபோய் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பராமரிப்பில் டூ ஸ்ட்ரோக்குக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்தால், கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் ஒரு மாலைப்பொழுதில் வீட்டுத் திண்ணையிலேயே மாற்றிவிடலாம். பந்தய ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு இடைவெளியைத் தவறாமல் அளக்க வேண்டும். கவனிக்காமல் விட்டு ஒரு வால்வு உடைந்து விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர், ஹெட் எல்லாம் சேர்ந்து போகும். செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிவிடலாம். இந்தப் பந்தய வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. எல்லாம் ஓடிய மணிக்கணக்கு. பழைய வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாகப் பிஸ்டன் மாற்றி எத்தனை மணி ஓடியது என்பதே.

அப்படியானால் எதை வாங்குவது?

இரண்டு வகைக்கும் நடுவில் நான் மறந்துபோன மூன்றாவது ஒன்று இருக்கிறது. காற்றால் குளிரும், பந்தயத்துக்காக அல்லாமல் பழகுவதற்காகவே செய்த சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் மண்பாதை வண்டி. இந்தியாவில் விற்பனைக்கு வந்த கவாசாகி கே.எல்.எக்ஸ். 110, 140 இந்த ரகம். வெளிநாட்டில் ஹோண்டா சி.ஆர்.எஃப்.125, யமஹா டி.டி.ஆர்.125 போன்றவை. மெதுவான திருப்பத்தில் தவறான கியரில் இருந்தாலும் மன்னித்து இழுத்துப் போகும். எத்தனை திருகினாலும் சக்தி சீராகத்தான் ஏறும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, காற்று வடிகட்டியைக் கழுவினால் பெரும்பாலும் போதும். கடக்வாஸ்லா வட்டாரத்துக் கோடைத் தூசிக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற நம்பர் பிளேட் உள்ள வண்டியும் ஒரு வழிதான். சாலையிலேயே ஓட்டிப் போகலாம். ஆனால் எடை 160 கிலோவை ஒட்டியது. மழையில் கரிசல்மண் சேற்றில் விழுந்தால் தனி ஆளாகத் தூக்கி நிறுத்துவது சிரமம். மோட்டோகிராஸ் வண்டியை எடுத்துச்செல்ல ‘சோட்டா ஹாத்தி’ டெம்போ வாடகையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கும் பதிவும் இல்லாத அந்த வண்டிகளைப் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது.

என் முடிவு இதுதான். முதல் ஒரு வருடம் சிறிய பழகு ஃபோர் ஸ்ட்ரோக். கிளட்சும் பிரேக்கும், நின்று ஓட்டுவதும் கைகால்களுக்குப் பழகிய பிறகு 125 டூ ஸ்ட்ரோக். சோம்பலாக ஓட்டினால் அது நகராது; அதனால் சரியான கியரையும் கிளட்சையும் அது கற்றுத்தருவதுபோல வேறொன்று கற்றுத்தராது. பந்தய 250 ஃபோர் ஸ்ட்ரோக்கைப் போட்டிக்கு இறங்கும்போது, நல்ல மெக்கானிக்கும் கையில் பணமும் இருந்தால் மட்டும் நினைக்கலாம். எதை வாங்கினாலும் ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ், முழங்கால் கவசம், மார்புக் கவசம் இவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வண்டி பாருங்கள். காறை எலும்புக்குக் கவசம் அநேகமாக உதவாது, நிதானம்தான் உதவும்.

மருமகன் இப்போது பழைய கே.எல்.எக்ஸ். 140 ஒன்றில் பழகுகிறான். அந்த டூ ஸ்ட்ரோக் அக்கா வீட்டுப் பின்கட்டில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. போன மாதம் போனபோது ஜெட்டை மாற்றி, எண்ணெய் அளந்து கலந்து, கிக் அடித்து ஸ்டார்ட் செய்தேன். அந்த நீலப்புகை வாசனை வந்ததும் எனக்கு வயது முப்பது குறைந்த மாதிரி இருந்தது.

“ஒரு ரவுண்டு போறியாடா?” என்று கேட்டேன்.

“இன்னும் ஆறு மாசம் போகட்டும் மாமா” என்றான்.

எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடியும் போர்வையைப் போர்த்தினேன். அன்பர்கள் யார் வீட்டிலாவது இதே கேள்வி எழுந்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னைக் கேளுங்கள். இந்த முறை பத்து விநாடியில் பதில் சொல்ல மாட்டேன்.